இறங்காமல் எழுவது

ஆடி மாதத்தில் திருத்தணி மலைமேல் நிற்பவரின் வேட்டியை ஒரு கணம் பற்றி இழுத்து மறுகணம் விட்டுவிடுகிற காற்று, அதே வலுவோடு சீராக வீசும் காற்றைவிடச் சிறிய விமானத்துக்கு ஆபத்தானது. விமானிகள் ‘கஸ்ட்’ என்று சொல்லும் இந்தக் காற்றில், செஸ்னா 172 போன்ற, முழுச் சுமையோடும் ஏறத்தாழ 1,100 கிலோ மட்டுமே எடையுள்ள பயிற்சி விமானம் 65 நாட் வேகத்தில் (1 நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) ஓடுபாதையை நெருங்கும்போது, எதிர்க்காற்று திடீரென 15 நாட் தணிந்துவிட்டால், இறக்கைமேல் பாயும் காற்றின் வேகம் 50 நாட் ஆகிறது. விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதில் பத்தில் நான்கு பங்கு அக்கணமே போய்விடுகிறது. தரைக்குச் சில அடி உயரத்தில் இது நேர்ந்தால் விமானம் பொத்தென விழுந்து துள்ளும். துள்ளியதை விமானி வலிந்து தரையில் அழுத்தினால் முன்சக்கரம் மோதி, அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகி, புரொப்பல்லர் தரையில் அடிபடும்.

முதல் துள்ளலிலேயே எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரலாம் என்பது முதலிலேயே கற்றுத் தரப்படும் பாடம். ‘கோ-அரவுண்ட்’ என்பது இதுதான். தெரிந்திருந்தும் மனிதர் ஏன் அதைச் செய்வதில்லை என்பது விமானத்தோடு நின்றுவிடும் கேள்வியன்று. இலக்கு கண்ணெதிரே வந்தபின் மனம் அதுவரை வந்த தூரத்தையே எண்ணுகிறது. எதிரே உள்ள இடரை எண்ணுவதில்லை.

1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737, புழுதிப் புயலில் ஓடுபாதை தெரியாத நிலையிலும் அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கி, பாலம் விமான நிலையத்துக்கு அருகே விழுந்தது. அதில் இருந்த 65 பேரில் 48 பேர் மாண்டனர். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலத்தையும் கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதத்தையும் தமிழகம் ஒரே நாளில் இழந்தது. இதற்கு நேர்மாறாக, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின் நடுவே சென்னையில் இறங்க வந்த இண்டிகோ விமானம், ஓடுபாதைக்குச் சற்றே மேலே பக்கவாட்டில் ஆடியபின் இறங்காமல் மேலேறிவிட்டது. காணொளியைக் கண்ட பலர் அதை மயிரிழையில் தப்பியதாகப் பேசினர். உண்மையில் விமானி முறையாகக் கற்றதை முறையாகச் செய்ததே அது.

ஆயினும் அந்த முடிவைத் துணிவு என்று மட்டும் சொல்வது போதாது. திரும்பி எழுவதற்கான எரிபொருளும், இறங்குவதற்கு வேறோர் இடமும் புறப்படும் முன்பே கணக்கில் வைக்கப்படுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, திருத்தணிக்குத் தெற்கே அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம் பயணிகள் விமானங்களை ஏற்றுக்கொண்டது. மாற்று இடம் என்ற ஒன்று இல்லாதவரிடம் திரும்பிப் போகச் சொல்வது வெறும் உபதேசமே.

முகூர்த்த நாள்களில் திருத்தணிக் கோயிலில் திருமணங்கள் நிறைந்திருக்கும். நிச்சயத்துக்குப் பிறகு மாப்பிள்ளையின் குடிப்பழக்கமோ மறைத்த கடனோ தெரியவந்தும், பத்திரிகை அடித்தாயிற்று, சத்திரத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று தாலி கட்ட வைக்கும் குடும்பங்கள், துள்ளிய விமானத்தைத் தரையில் அழுத்தும் பிழையையே செய்கின்றன. வேண்டாம் என்று சொல்லாத பெண்ணைக் கோழை என்பது நியாயமாகாது. அவள் வேண்டாம் என்று சொன்னால் ஊர்ப் பேச்சையும் செலவான பணத்தையும் யார் ஏற்பது என்பதைப் பெற்றோர் நிச்சயத்துக்கு முன்பே தமக்குள் பேசி முடித்து, அதை அவள் காதுபடவும் சொல்லியிருக்க வேண்டும்.