வலது மூலையில் ஒரு பெயர்

காஞ்சிபுரத்தில் கலைஞர்களுக்கான ஒருநாள் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். மதியம் நல்ல சாப்பாடு போட்டார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். பேச வந்த தம்பிக்கு முப்பது வயது தாண்டியிருக்காது. பர்சனல் பிராண்டிங் என்று ஆரம்பித்தார். ஆளுக்கொரு தாள் கொடுத்து இரண்டு கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னார். நீங்கள் யார், ஒரே வரியில். ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள்.

பக்கத்தில் இருந்த பறையடிக்கும் பையன் மடமடவென்று எழுதினான். நான் இரண்டாவது கேள்விக்கு மட்டும் 'உத்திரமேரூரில்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். கிண்டலுக்கு எழுதவில்லை. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மாகறல் தாண்டி பஸ் வரும்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவன் பெயரை எழுதியே பிழைத்தவன் நான். மளிகைக்கடை, சலூன், அரிசி மண்டி, கட்சிச் சுவர், லாரியின் நெற்றி, கோயில் உபயதாரர் பட்டியல் என்று எத்தனையோ பெயர். என்னைப் பற்றி ஒரு வரி கேட்டால் கை நகரவில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சுவரில் எழுதுவதைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் வெள்ளை. அது காய்ந்ததும் சாக்பீஸ் தூள் தடவிய நூலை நானும் அவரும் இரண்டு முனையில் பிடித்து இழுப்போம். நடுவில் அவர் விரலால் சுண்டுவார். 'டப்' என்று சுவரில் ஒரு கோடு விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு கோட்டுக்குள் எழுத்தை அளந்து மெல்லிசாக வரைந்துகொள்வார். பிறகு எனாமலில் பட்டைப் பிரஷ்ஷை நனைத்து, டப்பா விளிம்பில் ஒரு தடவை வழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ழ'வின் வாலை ஒரே இழுப்பில் முடிப்பார். எல்லாம் ஆனதும் வலது கீழ் மூலையில் ஒரு விரல் உயரத்துக்குத் தன் பெயர், பின்னால் 'ஆர்ட்ஸ்', அதன் பின்னால் ஊர்.

ஒரு தடவை ஹோட்டல்காரர் ஒருவர் தகராறு செய்தார். "நான் துட்டு குடுத்து எழுதுற போர்டுல உன் பேரு எதுக்குய்யா?" மாஸ்டர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எழுத்து கோணலா இருந்தா யாரத் திட்டறதுன்னு தெரிய வேணாமாண்ணே?" ஹோட்டல்காரர் சிரித்துவிட்டார். டீ வந்தது.

அன்றைக்கு அதை ஒரு சாமர்த்தியமான பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் படித்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பதில் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது.

உத்திரமேரூர் என்றாலே குடவோலை என்பார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் சபை செய்த ஏற்பாடுகள். முப்பது குடும்பு, அதாவது இன்றைய கணக்கில் வார்டு. குடும்புதோறும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதில்லையா, அதற்கு. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் படிப்பு. அந்தத் தகுதிப் பட்டியலில் என் பாட்டன் முப்பாட்டன் பெயர் ஏறியிருக்காது என்பதையும் மறந்துவிட்டுப் பெருமைப்பட முடியாது.

ஆனால் யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்கிற பகுதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் கூடாது. அவனுடைய நெருங்கின உறவுக்காரர்கள் பெயரும் கூடாது. திறமை குறைந்தவன் என்பதல்ல குற்றம். செய்ததற்குப் பதில் சொல்லாதவன், அவ்வளவுதான்.

921ஆம் வருஷத்துக் கல்வெட்டின் கடைசியில், பெருமக்கள் சொல்ல இந்த ஏற்பாட்டை எழுதியது நான் என்று ஒருவர் தன் பெயரைச் சொல்லி முடிக்கிறார். மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன். குடத்தில் விழுந்த ஓலைகளெல்லாம் மக்கி மண்ணாகிப் போயின. எழுதியவர் பெயர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலேயே ஆயிரத்து நூறு வருஷமாக நிற்கிறது. இது பிராண்டிங் இல்லை. கோணலாக இருந்தால் யாரைத் திட்டுவது என்று அவரும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பெயர் போட்டுக்கொள்வதை அகங்காரம் என்று சொல்லும் நல்லவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர், கடைக்குப் பெயர். தறிக்குழியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து நெய்தவர் பெயரை முந்தானையில் தேடிப் பாருங்கள். பெயர் இல்லாதவனிடம் கூலி பேசுவது சுலபம்.

அதே நேரத்தில் அந்தத் தம்பி சொன்னபடி, வேலைக்கு முன்னால் பெயரைக் கட்டி எழுப்பும் வித்தையும் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் பக்கத்துக் கூத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். முதலில் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். முகவீணை இழுக்க, மிருதங்கம் தட்ட, திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். கொஞ்சம் கொஞ்சமாக முகம். கட்டியங்காரன் 'நீர் யார், எந்த ஊர்' என்று நக்கலாகக் கேட்க, வந்தவன் தன் பெருமையைத் தானே பாடுவான். அதிலும் துரியோதனன் பாடுவதைக் கேட்க வேண்டுமே. பாரதக்கூத்து முடிகிற நாள் காலையில் களிமண்ணாகப் படுகளத்தில் நீட்டிக் கிடப்பதும் அதே துரியோதனன்தான்.

பாடியது பாத்திரத்தின் பெருமை. ஆடியவர் பெருமையை அவர் பாடிக்கொள்வதில்லை. விடிகிற நேரத்தில், எண்ணெய் தேய்த்து அரிதாரத்தை வழித்துக்கொண்டிருக்கும்போது, ஊர்ப் பெரியவர் ஒருவர் வெற்றிலை பாக்கில் பணத்தை வைத்து அடுத்த வருஷத்துக்கு அச்சாரம் கொடுத்தால் தெரிந்துவிடும். கொடுக்காமல் போனாலும் தெரிந்துவிடும்.

கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் கதை இங்கே பலருக்கும் தெரியும். அப்பாவே கூத்து வாத்தியார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, பத்து வயதில் வேஷம். 1990இல் மற்ற கலைஞர்களோடு சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார். தெருக்கூத்து என்று ஊருலகம் சொன்ன ஆட்டத்தை, கிரீடம், புஜக்கட்டை என்று கலைஞன் சுமக்கும் கட்டையின் பெயரால் கூப்பிடுங்கள் என்றார்கள். 'தெரு' என்ற சொல்லில் ஏளனம் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. புரிசை ஊரின் கூத்துப் பரம்பரை தெருக்கூத்து என்றே பெருமையோடு சொல்கிறது. அந்த வழக்கைத் தீர்க்க நான் யார். ஆனால் தன் தொழிலைத் தானே பெயரிட்டுக்கொள்ளும் அந்தக் காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. விலாசத்தைத் தெருவிலிருந்து எடுத்துத் தோள்மேல் வைத்துக்கொண்டார்கள்.

குறிக்கோள் என்றால் எனக்கு நினைவு வருவது அவர் செய்த இன்னொன்று. 2002இல் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில், அவரும் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளரான அவர் மனைவி ஹன்னே டி ப்ரூயினும் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் பாடமும் படிக்க வேண்டும், கூத்தும் படிக்க வேண்டும். ஆண்பிள்ளைகளே பாஞ்சாலி வேஷம் கட்டிவந்த ஆட்டத்துக்குள் பெண்பிள்ளைகள் வந்தார்கள். அடவு பழகினார்கள், கட்டை கட்டினார்கள். தனக்கு ஐந்தாவதோடு அறுந்துபோனது அடுத்த பிள்ளைக்கு அறுந்துபோகக் கூடாது என்று ஒருவர் நினைத்திருக்கிறார். ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டால் இப்படியொரு பதில் வருமா, தெரியவில்லை. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. அதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அங்கே அடவு பழகிய பெண்கள் கூத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் மாஸ்டருக்கு ஐந்து வருஷத் திட்டம் எதுவும் இருந்ததில்லை. பொங்கலுக்கு முன்னால் நாலு சுவரை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் குறி. திட்டம் இருந்திருந்தால் ஃப்ளெக்ஸ் வந்தபோது கொஞ்சம் தாங்கியிருப்பாரோ என்று சில சமயம் தோன்றும். ஒரே ராத்திரியில் அடித்துக் கட்டிவிடுகிறான், முகம் வேறு போட்டோவாக விழுகிறது, யார் நூல் பிடித்து நிற்பார்கள்? கடைசிக் காலத்தில் நம்பர் பிளேட் எழுதினார். அதில் கையெழுத்துப் போட இடமில்லை. அவரை நினைத்தால் அந்தத் தம்பியின் இரண்டாவது கேள்வி அவ்வளவு அபத்தமாகத் தெரியவில்லை. யாராவது முன்பே கேட்டிருக்கலாம்.

நானும் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது. செய்த நூற்றுக்கணக்கான பேனர்களில் ஒன்றில்கூட என் பெயர் போட்டதில்லை. போடத் தோன்றவில்லை. அடுத்த வாரம் கிழித்து மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போகிற பொருளுக்கு என்ன பதில் சொல்வது என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது. அது சரியா என்பதில் எனக்கே இப்போது சந்தேகம்.

அந்தத் தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. முதல் கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதில் சுவர் முழுக்கக் கையால் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாமாம், வெயிலில் வெளுத்துவிடுகிறதாம். நூல் பிடிக்க என் மகன் வருகிறேன் என்றிருக்கிறான். வேலை முடிந்ததும் வலது கீழ் மூலையில் என் பெயரும் ஊரும் செல் நம்பரும் இருக்கும். அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள். எழுத்து கோணியிருந்தால் கூப்பிடுங்கள்.