தாழிடாத கதவு

மலையினின்று இறங்கி வந்த இயேசுவின் முன் மண்டியிட்ட ஒரு தந்தையை மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். தம் மகன் வலிப்பினால் துன்புறுகிறான் என்றும், அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுந்துவிடுகிறான் என்றும் அவர் முறையிடுகிறார். இன்றைய மருத்துவர்களும் வலிப்பு நோயாளிகளைத் தவறாது எச்சரிப்பது இவ்விரண்டையும் குறித்தே. அம்மகனைத் தூக்கிவிட ஒரு தந்தை இருந்தார். தனியே வாழ்பவருக்கு யார் இருக்கிறார்?

பிக்கட்டிப் பக்கம் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, தேயிலை பறித்துப் பிழைக்கும் ஒரு பெண்மணியைக் கண்டோம். இளமை முதல் வலிப்பு நோய் உடையவர். பெற்றோர் மறைந்த பின் தனித்து வாழ்கிறார். அவரை ஏதேனும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட உறவினர் விரும்பினர். அவரோ நம்மிடம், "பத்திரமா இருக்கணும்னு சொல்லி என்னை அடைச்சு வெச்சா, அதுக்குப் பேரு வாழ்க்கையா சாமி?" என்று வினவினார். அன்று அவருக்கு உரிய விடை நம்மிடம் இல்லை.

பாதுகாப்பு பெரிதா, சுதந்திரம் பெரிதா என்றே நாம் வழக்கமாக வினவுகிறோம். இரண்டையும் பிரித்து வைத்து வினவுவதே பிழையோ என்று இப்பொழுது எண்ணுகிறோம்.

தம்மைக் காத்துக்கொள்வதில் நோயுற்றவருக்கும் கடமை உண்டு. மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடாமை, மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாமை, போதிய உறக்கம் ஆகியவை முதன்மையானவை. நம் மலைக்குளிரில் அடுப்பும் வெந்நீரும் இன்றி எவ்வீடும் இல்லை. ஆகவே கொதிக்கும் நீரை ஒருவராய்த் தூக்கிச் செல்லாமல், தண்ணீரோடு கலந்து குவளையால் முகந்து, உட்கார்ந்து குளிப்பது நலம். கணப்பின் அருகே உறங்குதல் ஆகாது. தாழ்ந்த படுக்கை நல்லது. ஓடையிலோ அணைநீரிலோ தனியே இறங்கலாகாது. முறையான சிகிச்சை கிடைத்தால், இந்நோயுடையோரில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு.

இவை அனைத்தையும் செய்தபின்னும் ஒன்று எஞ்சுகிறது: தம் நோயை அயலாரிடம் கூறுவது. ஏன் பலர் கூறுவதில்லை? மறைக்கும்படி அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாமே. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம் வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாக்கிற்று. 1999-இல்தான் அது நீக்கப்பட்டது. திருச்சபையும் இதற்கு விலக்கன்று. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 984-ஆம் பிரிவு, வலிப்பு நோயாளரைப் பித்துற்றோருடனும் பேய்பிடித்தோருடனும் ஒரே வரியில் நிறுத்தி, குருத்துவத்திற்கு இயலாதவர் என்றது. 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அத்தடை இல்லை. ஏட்டிலிருந்து அகன்றது நம் உள்ளத்திலிருந்தும் அகன்றதா? பெண் பார்க்கும் வீட்டில் இன்றும் இந்நோயின் பெயர் தாழ்ந்த குரலில்தானே பேசப்படுகிறது?

குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்பது மருத்துவர் கூறும் மற்றோர் அறிவுரை. நால்வர் உள்ள வீட்டில் அது எளிது. தனித்து வாழும் பெண்ணுக்கு அத்துணை எளிதன்று. வாசற்கதவின் மாற்றுச் சாவி நம்பத்தக்க ஒருவரிடம் இருந்தால்தான் அவர் வாசலைப் பூட்டி, குளியலறையைத் தாழிடாமல் விடலாம். அந்தச் சாவியை வாங்கிக்கொள்ளும் தகுதி நமக்கு உண்டா? அவருடைய பாதுகாப்பின் மறுபாதி நம் நேர்மையிலும் நம் நாவடக்கத்திலும் இருக்கிறது. அவர் சொன்னதை ஊரெங்கும் பரப்பாதவரிடமே அவர் சொல்லுவார்.

காலையில் அவர் வாசல் திறந்ததா என்று ஒரு பார்வை. மாலையில் கைப்பேசியில் ஓர் அழைப்பு. வலிப்பு வந்தால் இரும்பையோ சாவிக்கொத்தையோ கையில் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். தீயும் கூரிய பொருளும் அருகில் இன்றி அகற்றி, தலைக்கு மெத்தென்று ஏதேனும் வைத்து, ஒருபக்கமாய்த் திருப்பிக் கிடத்தி, நினைவு திரும்பும் வரை உடனிருக்க வேண்டும். 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். நம் மலைப்பாதையில் ஊர்தி வந்து சேர நேரமாகும். அதுவரை உள்ள மணித்துளிகள் அயலாருடையவை.

அப்பெண்மணி இன்றும் தம் வீட்டிலேயே வாழ்கிறார். மாற்றுச் சாவி அடுத்த வீட்டு அக்காவிடம் இருக்கிறது. அவருடைய நோய் நீங்கிவிடவில்லை. அச்சம் சற்றுக் குறைந்துள்ளது என்கிறார். நம் தெருவிலும் இத்தகைய ஒரு வீடு இருக்கக்கூடும். அவ்வீட்டார் நம்மிடம் சாவியைத் தரத் துணிவாரா என்பதை, அன்பு வாசகர்களே, இன்றிரவு நம் கதவைத் தாழிடும்போது எண்ணிப் பார்ப்போம்.