மூட்டை கட்டுவது பற்றிச் சில குறிப்புகள்

வசதியான கூடாரம் ஒன்றில் இரண்டு நாள் தங்கப் போகிறவன் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தாம்பரத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் விடுமுறை சேர்ந்து வரும் வாரக் கடைசிகளில் ஏலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ இதற்கென்றே புறப்படுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். இதற்கு 'கிளாம்பிங்' என்று பெயர். 'கிளாமர்' என்பதையும் 'கேம்பிங்' என்பதையும் ஒட்டவைத்து, இந்த நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து புழக்கத்துக்கு வந்த சொல். துணிக் கூடாரம், உள்ளே கட்டில், மெத்தை, குளிர்சாதனம், வெந்நீர் வரும் குளியலறை. வெளியே காடு, அல்லது காட்டைப் போன்ற ஏதோ ஒன்று.

போய்வந்தவர்கள் தரும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது: டார்ச் விளக்கு, கொசுவிரட்டி, மூடிய செருப்பு, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், செல்போனுக்கு பவர் பேங்க், நல்ல துணி இரண்டு செட். "அங்க எல்லாமே இருக்கும்மா" என்று மகள் சொல்லச் சொல்ல, அம்மா ஒரு போர்வையையும் ஊறுகாய் டப்பாவையும் பைக்குள் திணிப்பதும் உண்டு.

சற்று நின்று பார்த்தால் இந்தப் பட்டியல் இரண்டாகப் பிரிவது தெரியும். ஒரு பாதி, இருட்டு, கொசு, குளிர், ஈரம் ஆகியவற்றுக்கு எதிரானது. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டோம் என்று சொல்லித்தான் கூடாரம் வாடகைக்கு விடப்படுகிறது. முற்றிலும் நீங்கிவிட்டாலோ லாட்ஜ் அறைக்கும் கூடாரத்துக்கும் பேதம் இராது. எனவே கொஞ்சம் மிச்சம் வைக்கப்படுகிறது. அந்த மிச்சத்துக்குத்தான் டார்ச்சும் ஸ்வெட்டரும். மறு பாதி புகைப்படத்துக்கானது. நல்ல துணி யானைகளுக்காக எடுத்துச் செல்லப்படுவதில்லை.

இதைப் போலி என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அது கைவந்த காரியமும்கூட. ஆனால் ஒன்றைப் போலி என்று சொல்ல, அசல் எது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சௌகரியங்கள் எல்லாவற்றையும் உரித்துவிட்டால், அடியில் மனிதனின் உண்மையான தேவை கலப்பில்லாமல் தெரியவரும் என்ற நம்பிக்கை இந்தக் குற்றச்சாட்டுக்குப் பின்னால் இருக்கிறது. துறவிகளுக்கும் புரட்சிக்காரர்களுக்கும் பொதுவான நம்பிக்கை இது. அதைச் சோதித்துப் பார்க்கத் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்து அடையாறு கரையை மீற, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் முழுகின. மக்கள் மொட்டைமாடிகளில் நின்றார்கள், படகுகளில் வெளியேறினார்கள். பட்டியல் போட அவகாசமில்லாத இந்தப் புறப்பாட்டில் கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், பாங்க் பாஸ் புத்தகம், இருந்தால் நகை, அப்பாவின் சர்க்கரை மாத்திரை. அந்த டிசம்பரிலேயே, வெள்ளத்தில் போன ஆவணங்களுக்கு நகல் தருவதற்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மறுபடி தண்ணீர் வந்தது. ஐப்பசி பிறக்கும் முன்பே இந்தப் பையைக் கட்டிப் பரணில் வைத்துவிடும் வீடுகள் இன்று அங்கே உண்டு.

உரித்தெடுத்த பிறகு மிஞ்சிய அசல் மனிதன் இந்தப் பைக்குள் இருக்கிறானா? செத்துப்போன அம்மாவின் புடவை பீரோவின் கீழ்த்தட்டில் நனைந்துகொண்டிருக்க, பத்திரம் மட்டும் காப்பாற்றப்பட்டது என்றால், அம்மாவைவிடப் பத்திரம் பெரிது என்று அர்த்தமாகாது. சோற்றுப் பொட்டலத்தை முன்பின் தெரியாதவன் நீட்டுவான்; நீட்டவும் செய்தான். நான் இன்னார், இந்த வீடு என்னுடையது, என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவள் என்பதற்கு யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். நாளை எந்த ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்கப்போகிறோமோ, அந்த ஜன்னலை நோக்கிக் கட்டப்பட்ட பை அது. ஆபத்து மனிதனின் சாரத்தை வெளிக்கொணரவில்லை; அவன் எந்த அமைப்புகளுக்குக் கட்டுப்பட்டவன் என்பதைத்தான் வெளிக்கொணர்ந்தது.

உல்லாசக் கூடாரத்துப் பைக்கும் வெள்ளத்துப் பைக்கும் பொதுவான பொருள்கள் இரண்டு இருப்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்று மாத்திரை. மற்றொன்று ஆதார். காட்டுக்குள் இருந்தாலும் கூடாரத்தின் வரவேற்பு மேஜையில் அதைக் கேட்கிறார்கள்.

தேவை என்பது உடம்போடு பிறந்தது, மாறாதது என்று இன்னமும் வாதிடுகிறவர்களுக்குத் தாம்பரத்தின் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1928ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அப்படி ஒன்றை நடத்தியவர் அவர். 1917ல் கணித மேதை ராமானுஜன் அங்கே சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். திறந்த வெளிக் காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் வைத்தியம். வெளியில் கிடப்பது உல்லாசமாக இல்லை. உயிர்ப் பிரச்னையாக இருந்தது. 1937ல் தாம்பரம் சானடோரியத்தை அரசு ஏற்றுக்கொண்டது. பிறகு மருந்துகள் வந்தன. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. சென்னையின் நெரிசலான வீடுகளில், போதிய சாப்பாடும் ஓய்வும் இல்லாமல், மருந்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் கிடந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகவே குணமடைந்தார்கள் என்பதை அதன் ஆய்வு 1959ல் உலகத்துக்குச் சொன்னது.

ஆக, இன்றியமையாதது என்று ஒரு தலைமுறை நம்பிய காற்று, அடுத்த தலைமுறைக்குள் தேவைப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. ஸ்விட்சர்லாந்தில் தாவோஸ் நகரத்து சானடோரியங்களில் சில ஹோட்டல்களாகவே மாறின. வைத்தியம் கைவிட்ட வெளியை உல்லாசம் எடுத்துக்கொண்டது என்று சொன்னால் பிழையாகாது. இங்கே பெயர் மட்டும் ஒரு ரயில் நிலையத்துக்கு மிஞ்சியிருக்கிறது. ஆஸ்பத்திரி வேறு பெயரில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

எனக்கு என்ன தேவை என்ற கேள்விக்கு, ஆக, தனியாக உட்கார்ந்து பதில் காண முடியாது. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: போகிற இடத்தில் நான் யார் முன்னால் நிற்கப் போகிறேன்? நோயாளியின் டிரங்குப் பெட்டி டாக்டரின் முகம் பார்த்துக் கட்டப்பட்டது. வெள்ளத்துப் பை குமாஸ்தாவின் முகம் பார்த்து. உல்லாசப் பை, புகைப்படத்தைப் பார்க்கப் போகிறவர்களின் முகம் பார்த்து. கூடாரத்தில் இருக்கப் போகிற வேறு சிலர் மட்டும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இரவில் விறகு அடுக்கித் தீ மூட்டுகிறவன், காலையில் படுக்கை விரிப்பை மாற்றுகிற பெண், குளியலறைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவன். அருகிலுள்ள ஊர்க்காரர்கள். காட்டின் இருட்டும் குளிரும் அவர்களுக்கு வாரக் கடைசி விஷயமல்ல.

தமிழுக்கு வசதியான கூடாரம் புதிதில்லை. பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு, 103 அடிகளில், ஒன்றைக் கட்டிக் காட்டுகிறது. காட்டை வெட்டி அமைத்த பாசறை. வீரர்களுக்குத் தழை வேய்ந்த வரிசைகள். நடுவே அரசனுக்குத் திரை வளைத்த தனி இடம். விளக்கேற்றும் பெண்களின் இடுப்பில் வாள். நாழிகை பார்த்துச் சொல்ல ஆட்கள். யவனர்கள் காவல், சைகையால் பேசும் மிலேச்சர்கள். நப்பூதனார் இந்த ஊழியர்களை ஒவ்வொருவராகக் கண்ணில் நிறுத்திய பிறகுதான் உள்ளே போகிறார். உள்ளே அரசன் தூங்கவில்லை. புண்பட்ட யானைகளையும், செத்த வீரர்களையும், காது சாய்த்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகளையும் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

போர் செய்தவன் அவன். அந்தப் புண்களுக்கு அவனே காரணம். அவனை உத்தமனாக்குவது என் உத்தேசமல்ல. சௌகரியம் குற்றமாகிவிடும் இடம் எது என்பதை இந்தக் காட்சி துல்லியமாகக் காட்டுகிறது என்பதே எனக்கு முக்கியம். மெத்தை அவன் தூக்கத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. திரை, வெளியே நிற்கும் குதிரையை அவனிடமிருந்து மறைக்கவில்லை. இன்றைய கூடாரம் விற்பதோ அந்த மறைப்பைத்தான். கட்டிலையும் குளிர்சாதனத்தையும் நாம் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். தீ தானாக மூண்டது, விரிப்பு தானாக மாறியது என்று இரண்டு நாள் நம்புவதற்குத்தான் காசு.

கேட்ட கேள்விக்கு இப்போது நேராகவே பதில் சொல்லலாம். டார்ச், ஸ்வெட்டர், கொசுவிரட்டி, மாத்திரை. பெட்டியில் இவை போதும். அம்மா திணிக்கும் போர்வையையும் மறுக்க வேண்டாம். பட்டியலிலேயே அது ஒன்றுதான் இன்னொருவர் நினைத்து வைத்தது. முடிச்சூர்ப் பக்கத்து வீடாக இருந்தால் பயணப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்க, அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். போகும்போது அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் இரவில் தீ மூட்ட வருகிறவனின் வீட்டுக்குள்ளும் அப்படி ஒரு பை இருக்கக்கூடும். அவனிடம் இரண்டு வார்த்தை பேசினால் இது தெரியவரும். தெரிந்த பிறகும் அந்த மெத்தையில் படுக்கலாம். தூக்கம் வருகிறதா என்பது வேறு விஷயம்.