அன்று மட்டும் அப்படி நடந்திருந்தால்

நடந்து முடிந்ததை மனத்துக்குள் திருத்தி எழுதாதவர் உண்டா? அந்த நிலத்தை விற்றிருக்க வேண்டாம், அந்த வேலையை விட்டிருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு அங்கலாய்ப்புதான். இதையே தொழிலாகக் கொண்ட அறிவியல் புனைகதைக்காரர்களும் இருக்கிறார்கள்.

அவர்களில் ஹாரி டர்ட்டில்டவ் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, தென்மாநிலப் படையின் ரகசிய உத்தரவு ஒன்று மூன்று சுருட்டுகளோடு தவறி விழுந்து எதிரி கையில் சிக்கியது. இது உண்மையில் நடந்தது. சிக்காமல் போயிருந்தால்? அந்த ஒரு கேள்வியை வைத்து 11 நாவல்கள் எழுதிவிட்டார்! அவர் எழுதியதில் என்னை உலுக்கியது ஒரு சிறுகதைதான். ‘தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்’ கதையில் நாஜிப் படை இந்தியாவைப் பிடிக்கிறது. மனசாட்சியே இல்லாத எதிரியிடம் காந்தியின் சத்தியாக்கிரகம் எடுபடவில்லை. அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். கசப்பான கதை, ஆனால் நேர்மையானது.

பிலிப் கே. டிக்கின் ‘தி மேன் இன் தி ஹை காஸில்’ 1962இல் வந்தது. கதையில் இரண்டாம் உலகப் போரில் வென்ற ஜெர்மனியும் ஜப்பானும் அமெரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கேயும் ஒரு பழம்பொருள் வியாபாரி, ஜப்பானிய வாடிக்கையாளர் முன்னால் மரியாதை கெட்டுவிடுமோ என்றுதான் பதறுகிறார். உலகமே மாறினாலும் மனிதருக்கு அன்றாடக் கவலை மாறவில்லை.

எனக்கு மனம் ஒட்டியது கிம் ஸ்டான்லி ராபின்சனோடு. 1984இல் வெளியான ‘தி லக்கி ஸ்ட்ரைக்’ கதையில் ஹிரோஷிமாவின் மேல் குண்டு போட வேண்டியவர் ஜனவரி என்ற படை அதிகாரி. கீழே இருப்பது ஊர், அதில் மனிதர்கள் என்ற நினைப்பு அவரை விடவில்லை. வேண்டுமென்றே தாமதிக்கிறார். குண்டு ஊரைத் தாண்டி விழுகிறது. கட்டளையை மீறியதற்கு அவருக்கு மரண தண்டனை.

சுருட்டு தவறி விழுந்தது தற்செயல். ஜனவரியின் கை தாமதித்தது தற்செயல் அல்ல. அதற்கு அவர் உயிரையே கொடுக்கிறார். நம் அங்கலாய்ப்புகளில் இந்தக் கணக்கு மட்டும் வருவதே இல்லை. நிலத்தை விற்காமல் இருந்திருந்தால் என்று ஏங்குகிறவர், மகளின் படிப்புச் செலவுக்கு அன்று யாரிடம் கையேந்தியிருப்பார் என்று யோசிப்பதில்லை.

புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் ராபின்சனிடமிருந்து தொடங்குங்கள். ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய கதை. டர்ட்டில்டவின் 11 நாவல்களைப் பணி ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.