மின்முனையும் கருதல் அளவையும்

டிங்கித் தொற்றைக் கண்டறியும் ஒருவகை மின்வேதி உயிருணரி வைரஸைப் பார்ப்பதே இல்லை. அதன் மின்முனையில் பொன் நானோ துகள்கள்மீது எதிர்ப்பொருள்கள் பொருத்தப்பட்டிருக்கும். தொற்றிய உயிரணுக்கள் இரத்தத்தில் விடும் என்எஸ்1 புரதம் அவற்றோடு பிணைந்தால் எலக்ட்ரான்களின் ஓட்டம் தடைபடும். கருவி அளப்பது அந்தத் தடையை மட்டுமே. நானோ துகள்கள் பரப்பைப் பெருக்குவதால் மிகச் சிறிய மாற்றமும் தென்படுகிறது.

எனில் "டிங்கி உண்டு" என்பது எவ்வகை அறிவு? அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, காண்டல் (நேரில் அறிதல்), கருதல் (ஊகித்து அறிதல்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என மூன்றில் அடக்குகிறது. உயிருணரியின் முடிவு கருதலே. புகையால் நெருப்பைத் துணிய, நெருப்பின்றிப் புகை எழாது என்ற உறுதி வேண்டும். என்எஸ்1 அதற்கு நெருங்கி வருகிறது. ஆனால் ஸிக்கா போன்ற உறவு வைரஸ்களின் புரதமும் சில எதிர்ப்பொருள்களில் ஒட்டக்கூடும். புரதம் இல்லையென்றால் தொற்றும் இல்லை என்பது இன்னும் பெரிய பிழை. காய்ச்சல் தொடங்கிச் சில நாட்களில் அது குறைந்துவிடுகிறது.

தவறிய கருதலின் விலையை மலேசியா அறியும். 1998இல் பன்றிப் பண்ணையாளர்களிடம் பரவிய மூளைக்காய்ச்சல் ஜப்பானிய மூளைக்காய்ச்சலாகக் கொள்ளப்பட்டு, கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் நடந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகம் உண்மைக் காரணமான நிப்பா வைரஸைப் பிரித்தெடுத்தது. அதற்குள் பல உயிர்கள் போயின; மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே டிங்கியிலும், காய்ச்சலின் நாள், தட்டணு எண்ணிக்கை, நோயாளியின் சொல் ஆகியவற்றோடு சேரும்போதே கருவியின் எண் நோயறிதலாகிறது.