உடைந்த குவளையும் உடையாப் பற்றும்



இல்லறத்தார்க்கு நம் ஆசிரியர்கள் வகுத்தருளிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. கொல்லாமையைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. ஐந்தாம் விரதத்திற்கு வரும்போது மட்டும் நம்மில் பலர் குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம். நிலம், மனை, பொன் என்று பெரியவற்றைச் சொல்லி முடித்துவிட்டு, வீட்டு அலமாரிக்குள் இருப்பவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வாறு கணக்கில் வராத ஒரு பொருளைக் குறித்து, சென்ற கோடையில் சுத்துக்கேணியில் நமக்கு நேர்ந்ததை முன்வைத்துச் சில சொல்ல விழைகின்றோம்.

சுத்துக்கேணி புதுவைக்கு வடமேற்கே உள்ள சிற்றூர். செஞ்சியாறு என்றும் சங்கராபரணி என்றும் வழங்கும் ஆற்று நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டு செல்லும் வாய்க்கால் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகிறது. பணி நிமித்தம் அங்கே குடியிருக்கும் நம்மவர் ஒருவர், ஒருநாள் தம் இல்லத்தில் சுவாத்தியாயம் நடத்தித் தர வேண்டுமென அழைத்திருந்தார். சென்றோம். பொழுது சாயுமுன் உணவு முடிந்தது. பிறகு அவர் கூடத்தின் மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தார். அதனுள் பழங்காலக் கண்ணாடிக் குவளைகள் நாற்பது, வரிசை வரிசையாக நின்றன. நெடிய தண்டு உடையவை, பட்டை தீட்டியவை, பொன் விளிம்பிட்டவை, பச்சையும் செம்மையும் ஊட்டியவை எனப் பல வகை.

புதுவையில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறையில் முடிந்து, 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியும் முடிவுற்றது. அப்பழைய வீடுகளின் பொருள்கள் பல கைகள் மாறி, பழம்பொருள் விற்போரிடம் வந்து சேர்ந்தன. நம் அன்பர் இருபது ஆண்டுகளாக அவர்களிடம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். அவருடைய அறிவு வியப்புக்குரியது. வாயால் ஊதிச் செய்த குவளையின் அடியில், இரும்புக் கோலிலிருந்து முறித்தெடுத்த வடு இருக்கும். அச்சில் வார்த்ததில் பக்கவாட்டில் இணைப்புக் கோடு தெரியும். ஈயம் கலந்த கண்ணாடியாயின் விரலால் சுண்டினால் மணிபோல் ஒலி நீண்டு நிற்கும். 1674-இல் இங்கிலாந்தில் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் இவ்வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய குடுவையில் மதுவை நெடுநாள் வைத்தால் ஈயம் அதில் இறங்கிவிடும் என்றும் அவர் சொன்னார். மதுவே நஞ்சென்று கொண்ட நமக்கு அச்செய்தியால் புதிதாக ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அவர் ஒரு பச்சைக் குவளையை நம் கையில் கொடுத்தார். சாளரத்து ஒளியில் அதன் பட்டைகளைத் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தோம். பார்த்துக் கொண்டிருந்தபோதே அது நழுவிக் கீழே விழுந்து நொறுங்கியது.

அன்று காலையில்தான் பற்றின்மையைப் பற்றி ஒன்றரை நாழிகை விரித்துரைத்திருந்தோம்.

“பரவாயில்லை ஐயா” என்றார் அன்பர். அவர் முகமோ வேறு சொல்லிற்று. அவர் துணைவியார் விளக்குமாற்றோடு வந்து, குழந்தையை அப்பால் போகச் சொல்லிவிட்டுச் சில்லுகளைத் திரட்டினார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவருடைய இழப்பை எண்ணி நாம் வருந்தியது சிறிது; ‘உபதேசம் செய்ய வந்தவர் குவளையை உடைத்துவிட்டுப் போனார்’ என்று ஊரார் பேசுவார்களே என வருந்தியதே பெரிது. அந்தச் சிறுவன் கையிலிருந்து விழுந்திருக்கலாகாதா என்றுகூட ஒரு நினைவு எழுந்தது. அந்நினைவுக்காக மறுநாள் விடியலில் பிரதிக்கிரமணம் செய்தோம்.

பரிக்கிரகம் யாதெனச் சொல்ல வந்த உமாஸ்வாமிகள், தத்துவார்த்த சூத்திரத்தில் பொருள்களின் பட்டியலைத் தராமல், மூர்ச்சையே பரிக்கிரகம் என்று உள்ளத்தின் நிலையைச் சுட்டினார். மூர்ச்சை என்பது மயக்கம். ‘எனது’ என்னும் மயக்கம். பெரியோர் பரிக்கிரகத்தைப் புறப்பற்று பத்து என்றும் அகப்பற்று பதினான்கு என்றும் பிரித்தனர். நிலமும் மனையும் பொன்னும் தானியமும் புறத்தில் அடங்கும். பாத்திர பண்டங்களும் அவற்றுள் ஒன்றே. ஆகவே அன்பரின் அலமாரி முழுவதும் அந்தப் பத்தனுள் ஓர் இனமாகச் சுருங்கிவிடும். மித்தியாத்துவமும், நகை முதலிய நோகஷாயங்கள் ஒன்பதும், சினம், மானம், மாயம், உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கும் அகத்தில் அடங்கும். நாற்பது குவளை வைத்திருந்தவர் ஒன்றை இழந்து முகம் வாடினார். குவளை ஒன்றுமில்லாத நாமோ மானத்தை இழந்து விடியும்வரை விழித்திருந்தோம். இவ்விருவரில் எவர் பரிக்கிரகம் மிகுந்தது என்று கேட்டால், விடை நமக்குச் சாதகமாக இராது.

சமந்தபத்திராசாரியார் ஆப்தமீமாம்ஸையில் ஓர் உவமை கூறுகிறார். பொற்குடத்தை உருக்கி முடி செய்தால், குடத்தை விரும்பியவன் வருந்துவான். முடியை விரும்பியவன் மகிழ்வான். பொன்னை மட்டும் நோக்கியவன் இரண்டுமின்றி நடுவில் நிற்பான். தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒரே பொருளில் ஒருங்கே உள்ளன என்பதற்கு வந்த உவமை அது. மறுநாள் காலை அதனைக் கண்ணாடிக்குப் பொருத்திச் சொன்னோம். அன்பர் அழுதார், பழைய பாட்டில் வாங்குபவர் சில்லுகளை எடை போட்டு மகிழ்வார், உலைக்களத்தில் நிற்பவருக்கோ அது மீண்டும் உருகவேண்டிய சரக்கு, மணலும் காரமும் சுண்ணமும் சேர்ந்த புத்கலம். “நான் அழவில்லையே ஐயா” என்று அன்பர் குறுக்கிட்டார். வீட்டார் அனைவரும் சிரித்தனர். உவமையைவிட அச்சிரிப்பே முந்திய மாலையின் இறுக்கத்தைத் தளர்த்தியது எனலாம்.

அப்போது உதயபுரி அரசரின் செய்தியையும் நினைவூட்டினோம். மேவாரின் மகாராணா சஜ்ஜன் சிங் 1877-இல், பதினெட்டு வயதில், பர்மிங்காம் நகரத்து ஆஸ்லர் நிறுவனத்தாரிடம் படிகக் கண்ணாடிப் பொருள்களைச் செய்து அனுப்பப் பணித்தார். குவளைகளும் குடுவைகளும் மட்டுமல்ல. நாற்காலி, மேசை, கட்டில்கூடக் கண்ணாடியால் ஆனவை. அவை வந்து சேருமுன் 1884-இல் அவர் மறைந்தார். பெட்டிகள் நூறாண்டுக்கு மேல் பிரிக்கப்படாமலே அரண்மனையில் கிடந்தன. 1994-இல்தான் அவற்றை அங்கே காட்சிக்கு வைத்தனர். விரும்பியவர் ஒருநாளும் கண்ணால் காணாத பொருள்கள் அவை. ஆயினும் அவற்றை விரும்பியதால் கட்டிய வினை, பெட்டி பிரியும் நாளுக்காகக் காத்திருந்திராது.

இத்தனை தொலைவு போகவும் வேண்டுவதில்லை. அவ்வில்லத்தின் அருகே ஓடும் ஆற்றையே பிடித்துச் சென்றால் போதும். அவ்வாறு வில்லியனூரைக் கடந்து, ஒரு கிளையாகப் பிரிந்து, கடலை அடையுமுன் அரிக்கமேட்டைத் தொட்டுச் செல்கிறது. 1937-ஆம் ஆண்டளவில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், அங்குள்ள சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை விலை கொடுத்து வாங்கினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளும் கண்ணாடிக் கிண்ணச் சில்லுகளும் கிடைத்தன. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் சிறுமணிகளாக்கும் தொழிலும் அங்கே நடந்திருக்கிறது. அருகன்மேடு என்பதே அரிக்கமேடு ஆயிற்று என்று நம்மவர் சொல்வதுண்டு. அப்பக்கத்துச் சிலை புத்தருடையது என்பாரும் உண்டு. அவ்வழக்கைத் தீர்ப்பது இங்கு நம் வேலையன்று.

சுத்துக்கேணியிலேயே கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பழைய ஈமக்காட்டை அகழ்ந்து, 1956-இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். தாழிகளும் மண்பேழைகளும், இறந்தோருடன் இட்டுவைத்த கலங்களும் மணிகளும் பொன்னணிகளும் அங்கே வெளிப்பட்டன. அன்புடன் இட்டவர்கள் அவற்றை வழித்துணை என்று நம்பியிருப்பர். இட்ட இடத்திலேயே அவை இருந்தன.

அதே ஆற்றை எதிர்நோக்கி மேலேறினால் செஞ்சிப் பகுதி. அங்கே திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் திருவுருவங்களைத் தாங்கிய பாறை. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு ஏற்று உடல் நீத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அவர் பக்கத்தில் வைக்க ஒரு மண்கலமும் தேவைப்படவில்லை.

இவ்வளவும் கேட்டிருந்த அன்பரின் துணைவியார் நெடுநாள் மனத்தில் வைத்திருந்த ஒன்றைக் கேட்டார். “இவை மது அருந்தியவர்களின் குவளைகள், கள்ளுண்ணாமையை மூலகுணமாகக் கொண்ட நம் இல்லத்தில் இவை இருக்கலாமா?” வினை உயிரைக் கட்டுமேயன்றிக் கண்ணாடியைக் கட்டாது, கழுவிய குவளைக்குத் தீட்டில்லை என்றோம். அவர் அமைதியாக மகனை அழைத்தார். ஒன்பது வயதுச் சிறுவன். இக்குவளை எதற்கு, அக்குவளை எதற்கு என்று அவர் கேட்கக் கேட்க, ஷாம்பெயின், கோஞ்ஞாக், போர்தோ என்று அவன் தடங்கலின்றிச் சொன்னான். தீர்த்தங்கரர் திருநாமங்களைச் சொல்லச் சொன்னோம். பதினொன்றாம் பெயரில் நின்றுவிட்டான். நாம் சொன்ன விடை சாத்திரப்படி சரியானதே. ஆனால் அத்தாயின் கேள்வி அதைவிட ஆழமானதென்று அப்போதுதான் விளங்கிற்று.

அன்பர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். முப்பத்தொன்பது என்று எழுதி, இதற்கு மேல் ஒன்றும் கூட்டுவதில்லை என்று நம் முன்னிலையில் விரதம் ஏற்றார். எல்லாவற்றையும் விட்டுவிடுமாறு நாம் சொல்லவில்லை. பொருள்வரைவு இல்லறத்தார்க்கு உரியது. அதற்கு மேற்பட்டது துறவோர்க்கு உரியது. எஞ்சியவற்றுள் ஆறினை அலமாரியிலிருந்து எடுத்து, வடிகட்டிய நீர் அருந்தப் புழக்கத்தில் விடுவதென அவர் துணைவியார் முடிவு செய்தார். உடைந்தால் உடையட்டும் என்றார். இருபது ஆண்டுகளாக அவற்றைத் துடைத்து வைத்தவர் அவரே என்பது அப்போதுதான் பேச்சில் வெளிவந்தது.

விடைபெறும் வேளையில் அன்பர், நாம் உடைத்ததன் இணையான மற்றொரு பச்சைக் குவளையைத் துணியில் சுற்றி நம்மிடம் நீட்டினார். இணை பிரிந்தது தம்மிடம் இருந்தால் அந்த மாலையே நினைவுக்கு வரும் என்றார். வேண்டாம் என்றுதான் சொன்னோம். ஆனால் அச்சொல் நம் வாயிலிருந்து வரச் சற்றுக் காலதாமதமாயிற்று. அதை அந்தச் சிறுவன் கவனித்துக் கொண்டிருந்தான்.