கைக்கு எட்டும் உயரம்

முதுகலை சேர்ந்த முதல் வாரம் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தகர டோக்கன் கொடுத்தார்கள். பதிவேட்டில் பெயர், துறை, நேரம், கையெழுத்து. அங்கிருந்தவர் அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தார், என் முகத்தை ஒருமுறை பார்த்தார். உள்ளே என் தலைக்கு மேல் உயர்ந்து நின்ற இரும்பு ரேக்குகள். அவற்றை மறித்தாற்போல ஒரு நீள மேசை. வேண்டிய புத்தகத்தின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மேசைக்குப் பின்னால் இருப்பவர் போய் எடுத்து வருவார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாது.

"என்னம்மா வேணும்?" என்றார்.

"சும்மா பார்க்கலாம்னு வந்தேன் சார்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த ஒரு மாதம் நான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ரேஷன் கடை வரிசையில் நிற்கத் தெரியும், தாலுகா ஆபீசில் எந்த ஜன்னலில் கேட்க வேண்டும் என்று தெரியும். நூலகத்தில் எப்படி நிற்பது என்று மட்டும் தெரியவில்லை. அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாது என்கிற கூச்சம் அது. படிப்பில் நாட்டமில்லை என்று நாம் முத்திரை குத்திய பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி ஒரு மேசையைப் பார்த்துத் திரும்பியவர்களோ!

எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றிப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே தனிமை பொறுக்காமல், வேலையும் இல்லாமல், பழைய இடத்துக்கே போய்விடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றிருக்கிறார். முதலில் லண்டன் போய்ப் பயிற்சி முடித்து வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். இந்திய நூலகவியலின் தந்தைக்கே நூலகம் முதலில் ஒட்டவில்லை! எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

லண்டனிலிருந்து திரும்பியவர் வகுப்பறைக்குப் போகவில்லை. வாசகர்களே ரேக்குகளுக்கிடையில் நடந்து புத்தகத்தை எடுக்கும்படி திறந்துவிட்டார். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கப் புகுந்தவர் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி, ஊழியர் எப்படி என்று இறங்கிவிடுகிறார். மேல்தட்டுப் புத்தகமும் தரையில் நின்றபடியே கைக்கு எட்ட வேண்டுமாம். கணக்கு வாத்தியார் புத்தி என்று சிரிக்கலாம். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாத தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது வேறு யாருக்காகவோ வைத்தது என்றுதான் மனசு சொல்லும்.

ஆய்வு மாணவியாகச் சென்னைக்கு வந்தபிறகு சேப்பாக்கம் வளாகத்து நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். ரங்கநாதன் இருந்தபோதே, 1936-இல், நூலகம் குடிபுகுந்த கட்டடம். சாலையைத் தாண்டினால் மெரினா. வெயிலில் பஸ் இறங்கி வந்து உள்ளே நுழைந்தால் கண்ணுக்கு முதலில் இருட்டு, பிறகு மெல்ல வெளிச்சம். பழைய காகித வாசனை. எனக்கென்று ஓர் இடம் அங்கே அமைந்தது. எழுதிக் கொடுத்தது ஒன்றுமில்லை, பழக்கத்தில் வந்த பாத்தியதைதான்.

எதிர் நாற்காலிக்கு ஓர் அக்கா வருவார். இரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், பெயர் கேட்டதில்லை. அவர் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டால் எனக்கும் படிப்பு ஓடும். அவர் வராத அன்று ஒரு பக்கம் நகராது. ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பிரித்துவிட்டு ஒருநாள் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்துபோய் அந்தப் பக்கத்து மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்காமல், ஆனால் தனியாகவும் விடாமல் இருக்கிற இடம் நம் ஊரில் வேறு எங்கே கிடைக்கிறது? கோயில் பிரகாரத்தைச் சொல்லலாம். அதற்கும் நடை சாத்தும் நேரம் உண்டு.

இப்போதைய மாணவர்கள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, போட்டித் தேர்வு கைடைக் கொண்டுவந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள் என்று நூலகர் நண்பர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் குறை புரிவதில்லை. ஒரே அறையில் நாலு பேர், டி.வி., தம்பியின் செல்போன், அம்மாவின் குக்கர் விசில் என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகத்தைவிட நாற்காலி அருமையான பொருள். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர்களுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். யோசித்துச் செய்தவர் யாரோ, அவருக்கு வீட்டில் இடமில்லாத வயது நினைவிருந்திருக்கும்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் தங்கியிருந்த விடுதியில் ஆறரைக்குக் கதவு பூட்டிவிடுவார்கள். ஐந்து மணிக்கே மனசு கடிகாரத்துக்குப் போய்விடும். கூடப் படித்த பையன்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்க, நானும் அந்த அக்காவும் பாதிப் பக்கத்தில் சீட்டைச் செருகிவிட்டு எழுந்திருப்போம். ரேக் கைக்கு எட்டியது, நேரம் எட்டவில்லை.

மாணவியர் விடுதிக் காப்பாளர் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் பல்கலைக்கழக நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று விசாரியுங்கள். அதற்கு அரை மணி கழித்து விடுதிக் கதவைப் பூட்டுங்கள்.